கருப்பிக்கு வைத்த பொட்டு

ஊத்தங்கரை அத்தை சந்தனக் கிண்ணத்தோடு காரைச் சுற்றி வருகிறாள். அந்த நாளை நினைத்தால் எனக்கு முதலில் கண்முன் வருவது இந்தக் காட்சிதான்.

முன்விளக்குகள் இரண்டுக்கும் கண்ணுக்கு மை தீட்டுகிற மாதிரிப் பொட்டு வைத்தாள். நடுவில் மூக்குப் போல நீட்டிக்கொண்டிருந்த ரேடியேட்டருக்கு ஒன்று. சக்கரங்களுக்கு ஒவ்வொன்று. கதவைத் திறந்து ஸ்டியரிங்குக்கு ஒன்று. பிறகு பின்பக்கம் வந்தாள்.

அங்கே பெட்ரோல் ஊற்றுகிற வாய். அதற்கு வட்டமாய் ஒரு பித்தளை மூடி. மூடியின் நடுவில் சின்னதாக ஒரு குழி, அந்தக் குழிக்குள் கடுகு நுழைகிற அளவுக்கு ஓர் ஓட்டை. அத்தை குனிந்து பார்த்தாள். அவள் முகம் மலர்ந்துபோயிற்று.

"பொட்டு வெக்கறதுக்குன்னே பள்ளம் உட்டிருக்கான் பாரு அந்தத் தொர" என்றாள்.

பெட்ரோல் வாய்க்கு எதற்கம்மா பொட்டு என்று டிரைவர் திம்மப்பா மெல்லக் கேட்டான். திங்கிற வாய்க்கு வைக்காமல் வேறு எதற்கு வைப்பது என்று அத்தை திருப்பிக் கேட்டாள். மோதிர விரலால் சந்தனத்தை வழித்துக் குழி நிறைய அப்பி, மேலே குங்குமத்தை வைத்துக் கட்டைவிரலால் ஓர் அழுத்து அழுத்தினாள். சூடம் காட்டினோம். எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டோம்.

அப்போது அது எங்களுக்கு மிகவும் சரியாகத்தான் பட்டது.

எதற்காகப் போனோம்

போன வாரம் என் தங்கை சாலம்மாவின் கல்யாணத்தைப் பற்றி எழுதியிருந்தேன். படிக்காதவர்களுக்காக இரண்டு வரி. எங்கள் ஊர் பேரிகை. அவளைக் கொடுத்தது ஊத்தங்கரையில். நாட்டுக்குச் சுதந்திரம் வந்து ஏழெட்டு வருஷம் ஆகியிருக்கும். இந்தப் பக்கமெல்லாம் அப்போது சேலம் ஜில்லா.

கல்யாணமாகி அடுத்த வருஷமே முருகன் அவளுக்கு வயிற்றில் ஒரு பூவைக் கொடுத்தான். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் என்பது எங்கள் வழக்கம். ஏழாம் மாதம் வளையல் போட்டு அழைத்து வர வேண்டும்.

அம்மா அந்தச் சமயத்தில் மாட்டுக் கொட்டகையில் வழுக்கி விழுந்து, இடுப்பு எலும்பு பிசகி, படுத்த படுக்கையாக இருந்தாள். ஊத்தங்கரைக்கு அவளால் போக முடியாது. கல்யாணத்தன்று வண்டி ஏற்றி அனுப்பியதற்குப் பிறகு மகள் முகத்தைப் பார்க்கவில்லை. நான் சோற்றுத் தட்டோடு பக்கத்தில் உட்காரும்போதெல்லாம், வாயைத் திறப்பதற்கு முன்னால், "சாலாவ எப்பக் கூட்டியாரப் போற?" என்று கேட்பாள். பதில் சொன்னால்தான் வாய் திறக்கும்.

ஆனால் சாலம்மாவின் மாமியார், அவளைத்தான் ஊத்தங்கரை அத்தை என்கிறேன், லேசில் அனுப்புகிறவள் இல்லை. கெட்ட மனசு கிடையாது. அவளுக்கு ஒரு பயம். தன் மூத்த பிள்ளையைத் தாய்வீட்டுக்குப் போகிற வழியில், மாட்டு வண்டியில், ஒரு புளியமரத்தடியில் பெற்றவள் அவள். அந்தப் பிள்ளைதான் எங்கள் மாப்பிள்ளை. வழியிலேயே பிறந்ததாலோ என்னவோ, அவர் எங்கே கிளம்பினாலும் நேரத்துக்கு வீடு வந்து சேர்ந்ததில்லை.

அத்தை சொல்லி அனுப்பியது இதுதான். மாட்டு வண்டியில் அனுப்ப மாட்டேன், பஸ்ஸிலும் அனுப்ப மாட்டேன், கார் கொண்டு வா. விளக்கு வைப்பதற்குள் பேரிகை போய்ச் சேர வேண்டும். நானும் கூட வந்து பார்ப்பேன். வழியில் எங்கேயாவது தடங்கல் வந்தால் அங்கிருந்தே திரும்பிவிடுவேன், பிரசவம் எங்கள் வீட்டில்தான்.

கருப்பியின் பூர்வீகம்

பேரிகையில் அப்போது இருந்த ஒரே கார் பெரிய வீட்டுக் கவுடருடையது. அதைத்தான் கேட்டு வாங்கிக்கொண்டு போனோம். பெங்களூரில் இருந்த யாரோ ஒரு துரை சீமைக்குத் திரும்பும்போது விட்டுவிட்டுப் போனது. கம்பெனிப் பெயர் முன்னால் பொறித்திருந்தது. கவுடருக்குப் படிக்க வராது. படிக்க வந்த எனக்கும் அதை உச்சரிக்க வராது. கறுப்பாக இருந்ததால் கருப்பி. எருமைக்கு வைத்த பெயர் மாதிரியே அதற்கும் நிலைத்துவிட்டது.

இன்றைக்கு ஓசூர்ப் பக்கம் ஷிஃப்ட் விட்டுச் சங்கு ஊதினால் சாலை கொள்ளாமல் மோட்டார் போகிறது. அன்றைக்குக் கருப்பி கிளம்பினால் தெருவிலிருந்த கோழிகளுக்கே தெரியும், இன்றைக்குக் கவுடர் எந்தப் பக்கம் போகிறார் என்று.

திம்மப்பா அத்திப்பள்ளிக்காரன். கருப்பியோடு சேர்ந்தே பெங்களூரிலிருந்து வந்தவன். எல்லையோரத்து ஆட்களைப் போல மூன்று பாஷையும் அவன் நாக்கில் புரளும், ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை வைத்திருந்தான். வண்டியைத் திட்டுவதற்குக் கன்னடம். கொஞ்சுவதற்குத் தெலுங்கு. எங்களிடம் "ஒண்ணும் ஆகல" என்று பொய் சொல்வதற்குத் தமிழ்.

எங்களோடு வந்த இன்னொருவர் என் தாய்மாமன். பட்டாளத்து மாமா என்றுதான் ஊரில் சொல்வார்கள். சண்டைக் காலத்தில் பர்மா எல்லை வரைக்கும் மிலிட்டரி லாரியில் போய் வந்தவர். போனது உண்மை. ஆனால் லாரிக்குப் பின்னால் சோற்று அண்டாவைப் பிடித்துக்கொண்டு போனவர், ஊர் திரும்பியபோது லாரிக்கே டாக்டராகத் திரும்பியிருந்தார். எஞ்சின் என்ற சொல் காதில் விழுந்தால் துண்டை இடுப்பில் கட்டிக்கொள்வார்.

கருப்பியில் பெட்ரோல் எவ்வளவு இருக்கிறது என்று காட்டுகிற முள் எப்போதோ செத்துப்போயிருந்தது. அதற்குப் பதிலாக ஒரு துவரங்குச்சி வைத்திருந்தார்கள். மூடியைத் திறந்து, குச்சியை விட்டு, எவ்வளவு நனைந்திருக்கிறது என்று பார்த்துக்கொள்ள வேண்டியது. அந்தக் குச்சியை மாமா தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டார்.

ஊத்தங்கரைக்குப் போகும்போது கருப்பி எங்கேயும் நிற்கவில்லை. இதை வாசகர்கள் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். நாங்கள் வைத்துக்கொள்ளவில்லை.

மத்தூருக்கு முன்னால்

வளைகாப்பு நன்றாக நடந்தது. புளிசாதம், எலுமிச்சை சாதம், தயிர்சாதக் கூடைகள், வளையல் பெட்டி எல்லாம் ஏற்றினோம். பின் சீட்டில் சாலம்மாவும் அத்தையும். அத்தை மடியில் அந்தச் சந்தனக் கிண்ணம். அவர்கள் வீட்டில் சந்தனத்துக்குப் பஞ்சமில்லை. அரைத்து அரைத்து வெண்ணெய் மாதிரி கெட்டியாய் உருட்டி வைத்திருந்தாள். முன்னால் திம்மப்பா, நடுவில் நான், ஓரத்தில் மாமா.

மத்தூர் வருவதற்கு முன்பே கருப்பி இருமியது. இன்னும் கொஞ்ச தூரம் போய் விக்கியது. பிறகு ஒரு பெருமூச்சு விட்டு, சாலையோரத்தில் ஒரு வேப்பமரத்து நிழலைத் தானே பார்த்துத் தேர்ந்தெடுத்த மாதிரி நின்றுவிட்டது.

"ஒண்ணும் ஆகல" என்றான் திம்மப்பா.

மாமா துண்டைக் கட்டிக்கொண்டு இறங்கினார். பானெட்டைத் தூக்கி உள்ளே பார்த்தார். பர்மாவில் இதே மாதிரி ஒன்று நின்றதாம், பிளக்கில்தான் கோளாறாம். பிளக்குகளைக் கழற்றி, வேட்டி நுனியால் துடைத்து, ஒவ்வொன்றையும் காதுக்குப் பக்கத்தில் வைத்து ஆட்டிப் பார்த்துவிட்டு மாட்டினார். காதில் என்ன கேட்டது என்று நாங்கள் கேட்கவில்லை.

திம்மப்பா முன்னால் ஹேண்டிலைப் போட்டுச் சுற்றினான். கருப்பி அசையவில்லை. "நின் மனெ ஹாளாக" என்று அதன் வீடு பாழாகக் கன்னடத்தில் சபித்தான். பிறகு அதன் நெற்றியைத் தடவி, "ரா தல்லி, ரா" என்று தெலுங்கில் தாயே வா என்று கூப்பிட்டான். இரண்டுக்கும் மசியவில்லை.

கடைசியில் மாமா குச்சியை எடுத்துக்கொண்டு பின்னால் போனார். மூடியைத் திருகினார். 'புஸ்' என்று ஒரு சத்தம் வந்தது.

"பெட்ரோல் நல்ல ஃபோர்ஸா இருக்குது" என்றார்.

குச்சி பாதிக்கு மேல் நனைந்து வந்தது. முகர்ந்து பார்த்துத் தலையாட்டி, மூடியைப் போட்டார். அத்தை அதைப் பார்த்துவிட்டாள். மாமாவின் எண்ணெய்க் கை பட்டுப் பொட்டின் மேல்பக்கம் கலைந்து கறுத்துப்போயிருந்தது. வைத்த பொட்டைக் கலைத்தால் வண்டி எப்படி ஓடும், இவர் பட்டாளத்துக்குப் போனாரா பன்றி மேய்க்கப் போனாரா என்று என்னைக் கேட்டாள். கிண்ணத்தோடு இறங்கி வந்து, பழைய பொட்டின் மேலேயே புதுச் சந்தனத்தை அப்பினாள். அங்கேயே சூடம் ஏற்றப் போனவளை, பெட்ரோலுக்குப் பக்கத்தில் நெருப்பா என்று திம்மப்பா கும்பிட்டுக் கூத்தாடி முன்பக்கம் அழைத்துக்கொண்டு போனான்.

சூடம் எரிந்தது. திம்மப்பா ஹேண்டிலை ஒரு சுற்றுச் சுற்றினான். கருப்பி கிளம்பிவிட்டது.

யாரால் கிளம்பியது?

கிருஷ்ணகிரி வரைக்கும் வண்டிக்குள் இதுதான் பேச்சு. பிளக் துடைத்ததால்தான் என்று மாமா. துடைத்த பிறகும்தான் கல்லு மாதிரி நின்றதே, சந்தனம் வைத்த பிறகுதானே கிளம்பியது, இவ்வளவு பேர் கண்ணால் பார்த்தோமே என்று அத்தை. ஹேண்டில் சுற்றிய கை தன்னுடையது என்று திம்மப்பா ஒரு வார்த்தை போட்டுப் பார்த்தான். அதை யாரும் எடுத்துக்கொள்ளவில்லை.

எனக்கும் ஒரு எண்ணம் இருந்தது. வண்டி நின்றதிலிருந்து நான் வேலவன் பெயரை மனசுக்குள் விடாமல் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆனால் சாமி செய்ததற்கு நாம் பங்கு கேட்கக் கூடாது என்று வாயை மூடிக்கொண்டேன்.

உள்ளதைச் சொன்னால் சாட்சி முழுக்க அத்தை பக்கம்தான். சந்தனம் வைத்தாள், வண்டி கிளம்பியது. இடையில் வேறு எதுவும் நடக்கவில்லை. கோர்ட்டில் வைத்தாலும் அவள்தான் ஜெயிப்பாள்.

சாலம்மா மட்டும் எதுவும் பேசவில்லை. கை நிறைய கண்ணாடி வளையல். வண்டி குலுங்கும்போதெல்லாம் ஒரு கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் வளையல் உடையாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

கிருஷ்ணகிரியில் மலைக்கோட்டையைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு ஓசூர் ரோட்டில் திரும்பினோம். அங்கே அப்போது அணை வேலைக்குக் கல் ஏற்றிக்கொண்டு லாரிகள் போய் வந்துகொண்டிருந்தன. ஊரைத் தாண்டிக் கொஞ்ச நேரம்தான். கருப்பி மறுபடி இருமியது. விக்கியது. பெருமூச்சு விட்டது.

மறுபடி பிளக், மறுபடி வேட்டி நுனி. கன்னடம், தெலுங்கு. ஒரு கல் லாரி பக்கத்தில் மெதுவாக வந்தது. அதன் டிரைவர் பொட்டும் பூவுமாக நின்ற கருப்பியை மேலும் கீழும் பார்த்து, "என்னா பெரியவரே, இது ஓடற வண்டியா, இல்ல உக்காத்தி வெச்சிக் கும்புடற வண்டியா?" என்று மாமாவைக் கேட்டுவிட்டுப் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டான். மாமாவுக்குக் கோபத்தில் ஒரு பிளக் கைநழுவிச் சாக்கடையில் விழுந்தது. நான்தான் இறங்கித் தேடி எடுத்தேன்.

கடைசியாகக் குச்சி. 'புஸ்'. ஃபோர்ஸ். கலைந்த பொட்டு. அத்தை இந்தத் தடவை உள்ளங்கையால் வழித்து அடை தட்டுகிற மாதிரித் தட்டினாள். திம்மப்பா சுற்றினான். கிளம்பியது.

"பாத்தீங்களா" என்று அத்தை ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னாள். மாமா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஆனால் அத்தையின் முகத்தில் வெற்றிக்கு மேலே வேறொன்றும் இருந்தது. வெயில் சாயத் தொடங்கியிருந்தது. தன் மருமகளின் வயிற்றைப் பார்த்தாள். பிறகு என் பிடரியைப் பார்த்துச் சொன்னாள். "தம்பி, இங்க பாரு. சாமி ரெண்டு தடவ சொல்லிட்டாரு. இன்னொருக்கா நின்னா நான் கேக்க மாட்டன். எதிர்ல வர்ற பஸ்ஸுல ஏத்தினு திரும்பிருவன். கிஷ்ணகிரில எங்க சொந்தக்காரங்க இருக்கறாங்க. பொழுது சாஞ்சி ரோட்டுல குந்தறதுக்கு நான் ஒருத்தி போதும்."

நான் தலையாட்டினேன். அம்மா வாசலைப் பார்த்தபடி கட்டிலைத் திருப்பிப் போடச் சொல்லியிருந்தாள். நான் கிளம்பும்போதே திருப்பிப் போட்டுவிட்டுத்தான் வந்தேன்.

சூளகிரி மலை தெரிந்த இடம்

சூளகிரி மலை கண்ணுக்குத் தெரிந்தது. அங்கே போய்ப் பிரிந்தால் பேரிகை எட்டிப் பிடித்துவிடலாம். நான் வேலவனை விடாமல் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். சோளக்கொல்லைப் பக்கம் கிளிகள் கூட்டமாகத் திரும்பிக்கொண்டிருந்தன. அந்த இடத்தில் கருப்பி இருமியது.

நின்றும்விட்டது. திம்மப்பாகூட "ஒண்ணும் ஆகல" என்று சொல்லவில்லை.

அத்தை கூடையிலிருந்து தன் துணிப்பையை எடுத்துக்கொண்டாள். சந்தனக் கிண்ணத்தை சீட்டில் வைத்துவிட்டு இறங்கினாள். சாலையின் எதிர்ப்பக்கம் போய், ஓசூரிலிருந்து வரும் பஸ்ஸை எதிர்பார்த்து நெற்றியில் கை வைத்துக்கொண்டு நின்றாள். மாமா பானெட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டார். வெளியே எடுத்தால் அத்தை முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கும்.

நான் என்ன செய்வதென்று தெரியாமல் பின்கதவுப் பக்கம் நின்றேன்.

"ண்ணா" என்றாள் சாலம்மா. அழுகிறாளோ என்று பார்த்தேன். இல்லை. அம்மா கடுகு டப்பாவில் கல் பொறுக்கும்போது முகத்தை ஒரு மாதிரி வைத்துக்கொள்வாள். அந்த முகம்.

"அந்த மூடியத் தெறக்கறப்ப புஸ்ஸுன்னு ஒரு சத்தம் வருதே, கேட்டியா?"

"கேட்டன். ஃபோர்ஸுன்னு மாமா சொன்னாரே."

"மாமா கெடக்கறாரு. அது வெளிய ஊதற சத்தம் இல்லண்ணா. உள்ள இழுக்கற சத்தம். நான் அதும் பக்கத்துலயே குந்தினு வர்றன், எனக்குத் தெரியாதா?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவளே மேலே கேட்டாள். "நம்மூட்டு எண்ணெ டின்னுல அம்மா எத்தினி ஓட்ட போடும்?"

"ரெண்டு."

"ஒண்ணு போட்டா?"

"எண்ணெ ஒழுங்கா வராது. எதிர்ல ஒண்ணு போட்டு, அதுல காத்து போனாத்தான்…"

அந்த இடத்தில் என் வாய் நின்றுவிட்டது.

"போறப்ப எங்கனா நின்னுச்சா?" என்றாள் சாலம்மா.

"இல்ல."

"போறப்பப் பொட்டு இருந்துச்சா?"

நான் பின்பக்கம் திரும்பி அந்த மூடியைப் பார்த்தேன். கடுகு நுழைகிற ஓட்டை இருந்த இடத்தில் ஊத்தங்கரைச் சந்தனம் காய்ந்து காரை பூசியது மாதிரி இறுகிக் கிடந்தது. டாங்கிக்குள் காற்று போக வழியில்லை. காற்று போகாமல் பெட்ரோல் எப்படி வெளியே வரும்? மாமா குச்சி விடத் திறக்கும்போதெல்லாம் காற்று உள்ளே போயிருக்கிறது. அந்தக் காற்று இருக்கிற வரைக்கும் ஓடியிருக்கிறது. தீர்ந்ததும் நின்றிருக்கிறது. கிளம்பியதற்கு நன்றியாக நாங்கள் ஒவ்வொரு தடவையும் இன்னும் கெட்டியாக அடைத்துக்கொண்டே வந்திருக்கிறோம்.

அத்தையிடம் சொல்லிவிடுகிறேன் என்று கிளம்பினேன். சாலம்மா வளையல் குலுங்க என் கையைப் பிடித்து இழுத்தாள்.

"சொன்னா அவங்க மொகம் என்னாவும்? அவங்க சந்தனத்துலதான் வண்டி ஓடுதுன்னு இவ்ளோ நேரமா சொல்லினு வர்றாங்க. மாமாவ வேற அந்தப் பேச்சுப் பேசிட்டாங்க. இப்ப நீ போயி சொன்னா மாமா சிரிப்பாரு. நான் அந்தூட்ல வாழணும்ணா. நீ ஒரு முள்ள எடுத்துக் குத்தி எடு. மத்தத நான் பாத்துக்கறன்."

சாலையோரம் வேலமுள்ளுக்கா பஞ்சம்? ஒன்றை ஒடித்து வந்தேன். மாமா பானெட்டுக்குள். அத்தை சாலைக்கு அந்தப் பக்கம். 'முருகா, உன் பிரசாதத்தைத்தான் குத்துகிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதே' என்று வேண்டிக்கொண்டு குத்தினேன். உள்ளே ஓர் இழுப்பு இழுத்துச் சத்தம் அடங்கியது. துணியால் மூடியைச் சுத்தமாகத் துடைத்தேன். நிமிர்ந்தால் எதிரே திம்மப்பா நிற்கிறான். என் கையிலிருந்த முள்ளைப் பார்த்தான், மூடியைப் பார்த்தான். முன்னால் போய் ஹேண்டிலை எடுத்துக்கொண்டான்.

கிண்ணம் காலியான விதம்

தூரத்தில் பஸ்ஸின் புழுதி தெரிந்தது. அத்தை கையை நீட்டிவிட்டாள். பிறகு சாலம்மாவை இறக்குவதற்காக வேகமாக இந்தப் பக்கம் வந்தாள். வந்தவள் கண்ணில் பொட்டில்லாத மூடி பட்டது.

"இதத் தொடச்சது யாரு? அதுக்குத்தான் நின்னு போச்சி" என்று கிண்ணத்துக்காகக் கதவுக்குள் கையை நீட்டினாள்.

கிண்ணம் சாலம்மா மடியில் இருந்தது.

"அத்தே, ரெண்டு கையும் திகுதிகுன்னு எரியுது. இந்தச் சந்தனத்த நான் பூசிக்கட்டுமா?"

பிள்ளைத்தாய்ச்சி வாய்விட்டு ஒன்றைக் கேட்டால் இல்லையென்று சொல்லக் கூடாது. அத்தையே ஊருக்கெல்லாம் சொல்கிற விஷயம் இது. நீட்டிய கை அப்படியே நின்றது. "பூசிக்கம்மா, பூசிக்க. கொஞ்சமா" என்றாள்.

சாலம்மா பூசிக்கொண்டாள். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரைக்கும் பூசினாள். முழங்கையிலிருந்து தோள் வரைக்கும். கழுத்துக்கு. கன்னத்துக்கு. கால் வீங்கியிருக்கிறது என்று பாதத்துக்கு. கடைசியில் கிண்ணத்தை ஆள்காட்டி விரலால் வட்டமாக ஒரு வழி வழித்து அதை உச்சி வகிட்டில் தடவிக்கொண்டாள். தேய்த்துக் கழுவியது மாதிரி கிண்ணம் பளபளத்தது.

"வண்டிக்கு ஒரு துளி வெச்சிருக்கலாமில்ல?" என்றாள் அத்தை. குரல் இறங்கிப்போயிருந்தது.

"எனக்கு வெச்சா வண்டிக்கு வெச்ச மாதிரிதான் அத்தே. வண்டியில நான்தான குந்தினு இருக்கறன்?"

அதற்குள் பஸ் வந்து நின்றுவிட்டது. கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டு, "ஏறறீங்களா, இல்ல ஊர்கோலம் இப்பத்தான் ஆரம்பிக்குதா?" என்றான். ஜன்னல் ஜன்னலாகத் தலைகள் நீண்டன. தலை முதல் கால்வரை சந்தனமாக உட்கார்ந்திருந்த என் தங்கையை ஒரு கிழவர் பஸ்ஸுக்குள்ளிருந்தே கையெடுத்துக் கும்பிட்டார்.

திம்மப்பா ஹேண்டிலைச் சுற்றினான். முதல் சுற்றில் ஒன்றுமில்லை. அத்தை சாலம்மாவின் தோளில் கை வைத்து, "எறங்கும்மா" என்றாள்.

"ரா தல்லி" என்றான் திம்மப்பா. மறு சுற்றுச் சுற்றினான்.

கருப்பி தும்மியது. ஆடியது. பிடித்துக்கொண்டது.

அத்தை வண்டியைப் பார்த்தாள். பஸ்ஸைப் பார்த்தாள். மலைக்கு மேலே இன்னும் கொஞ்சம் மிச்சமிருந்த வெயிலைப் பார்த்தாள். "நீ போப்பா, எங்க வண்டி கெளம்பிருச்சி" என்று கண்டக்டரிடம் சொல்லிவிட்டு ஏறி உட்கார்ந்தாள். பிளக்கில்தான் கோளாறு என்று தான் முதலிலிருந்தே சொல்லிக்கொண்டு வருவதாக மாமா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

பேரிகை போய்ச் சேருகிற வரை கருப்பி நிற்கவில்லை. அத்தை நடுநடுவே பின்கண்ணாடி வழியாக அந்த மூடி இருந்த பக்கத்தைத் திரும்பிப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

வீட்டு வாசலில் நின்றபோது விளக்கு இன்னும் வைத்திருக்கவில்லை. கட்டிலிலிருந்து அம்மா மகளைப் பார்த்தாள். அம்மன் சிலை மாதிரி சந்தனக் காப்போடு வந்து நின்றவளைப் பார்த்து, முதலில் கும்பிடக் கையைத் தூக்கினாள். அப்புறம்தான் அழுதாள். அன்றைக்குச் சோற்றுத் தட்டோடு நான் போனபோது ஒரு கேள்வியும் கேட்காமல் வாயைத் திறந்தாள்.

மறுநாள் காலையில்

மறுநாள் அத்தை ஊருக்குக் கிளம்பினாள். எங்கள் வீட்டுக் கல்லில் அவளே உட்கார்ந்து புதுசாகச் சந்தனம் அரைத்தாள். கிண்ணத்தை எடுத்துக்கொண்டு கருப்பியைச் சுற்ற ஆரம்பித்தாள். திம்மப்பா தலைப்பாகையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். அதற்குள் ஒரு வேலமுள் செருகியிருந்ததை நான் பார்த்தேன். அதற்குப் பிறகு எப்போதும் அது அங்கேதான் இருந்தது.

கண்ணுக்கு, மூக்குக்கு, சக்கரங்களுக்கு, ஸ்டியரிங்குக்கு. பிறகு பின்பக்கம் வந்தாள். மூடிக்கு நேரே குனிந்தாள். மோதிர விரலில் சந்தனம் தயாராக இருந்தது. நிலைப்படியில் சாலம்மா நின்றுகொண்டிருந்தாள்.

அத்தை நிமிர்ந்து மருமகளை ஒரு பார்வை பார்த்தாள். சாலம்மா அவசரமாகக் கூரையில் குருவி தேடினாள்.

அத்தை விரலை நகர்த்தினாள். மூடிக்கு ஒரு சாண் தள்ளி, வெறும் தகரத்தில், அழகாக ஒரு பொட்டு வைத்தாள்.

"பாவம்" என்றாள், யாரையும் பார்க்காமல். "அதுவும் மூச்சு வுடணுமில்ல."

யார் சொன்னார்கள் என்று இன்றுவரை தெரியாது. நான் சொல்லவில்லை. சாலம்மா முருகன் மேல் சத்தியம் செய்கிறாள். அத்தையும் தன் வாழ்நாள் முழுக்க எண்ணெய் டின் திறந்தவள்தானே என்று இப்போது தோன்றுகிறது.

கருப்பி ஒரே சுற்றில் கிளம்பித் தெரு முனை திரும்பியது. சாலம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சுவரில் சாய்ந்து குலுங்கினாள். வளையலெல்லாம் அவளோடு சேர்ந்து சிரித்தது.

"என்னாடி அங்க சத்தம்?" என்று உள்ளேயிருந்து அம்மா கேட்டாள். "வண்டி கெளம்பிருச்சா?"

"கெளம்பிருச்சிம்மா" என்றாள் சாலம்மா. "நான் இங்கதான் இருக்கறன்."